கழுத்துக்கு ஒரு ஆல்டரேஷன்

சலவைக் கடையின் பின்னறையில் இருபத்தாறு வருஷமாகத் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்மணிக்கு அந்த வட்டாரத்தில் ஒரே பெயர்தான்: ஆல்டர் அக்கா. புதுத்துணி தைக்கமாட்டாள். யாரோ தைத்ததை, யாரோ வாங்கியதை, போடுகிறவர் உடம்புக்குச் சரிசெய்து கொடுப்பாள். இடுப்பைப் பிடிப்பாள், நீளத்தை ஏற்றுவாள், தோளைக் குறைப்பாள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

பயந்த சுபாவம் என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. உள்ளபடி சொன்னால் பயந்தாங்கொள்ளி. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போவாள். சந்தேகம் வந்து திரும்பி நடந்து, மூன்று மாடி ஏறி அடுப்பைப் பார்த்துவிட்டு மறுபடி இறங்குவாள். ஏறுவதும் இறங்குவதும் படியில்தான். இத்தனைக்கும் அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்பவரே அவர்தான். "ஊரே நம்பி ஏறுது, நீ ஏற மாட்டியா?" என்று அவர் கேட்டால், "ஊருக்கு உங்களைப் பத்தித் தெரியாதே" என்பாள்.

அவளுடைய தொழிலுக்கு அந்தப் பயம்தான் முதலீடு. துணியை வெட்டவே மாட்டாள். குறைக்க வேண்டியதை உள்ளே மடித்துத் தைத்து, மிச்சத்தை அப்படியே விட்டுவிடுவாள். "இன்னிக்கு இளைச்சவங்க நாளைக்குப் பெருப்பாங்க. பிரிச்சா பழையபடி வரணும்" என்பாள். பிரிக்க முடியாத காரியம் எதையும் அவள் செய்ததில்லை. கல்யாணம் ஒன்றைத் தவிர, என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவள் பதினொரு நாள் ஒரு மரத்தை அரத்தால் ராவினாள். ராவின மரத்தில் உள்மடிப்பு கிடையாது, போனது போனதுதான். நாற்பத்தெட்டு வயதில் அவளுக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று கேட்டால், அது துணிச்சலே அல்ல. அதைவிடப் பெரிய பயம் ஒன்று பின்னால் நின்று தள்ளியது.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது விட்டுப்போன சாமான்களில் ஒரு மின்சார கிட்டாரும் இருந்தது. பள்ளிக்கூட நாளில் அடம்பிடித்து வாங்கியது. கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது; முன்னும் பின்னும் கறுப்புப் பெயிண்டை வாரி அடித்திருந்தார்கள். வீடு வெறிச்சென்று இருக்கிறதே என்று, நூலக மாடியில் புதன்கிழமை தோறும் நடக்கும் கிட்டார் வகுப்பில் ஆல்டர் அக்கா சேர்ந்தாள். எட்டு மாதம் நன்றாகத்தான் போனது. இரண்டு விரல், மூன்று விரல் வைத்து வாசிப்பதெல்லாம் வந்தது. "தையக்காரங்க விரல் இல்லையா, சொன்ன இடத்துல நிக்குது" என்று வாத்தியார் பாராட்டினார். அதற்கு அடுத்த வாரம் நாலாவது விரலைக் கேட்டார்.

இடது கைச் சுண்டு விரல். மற்ற மூன்றும் தந்தியின் மேல் உட்கார்ந்துவிட்டன. அது மட்டும் பாதி வழியில், கூப்பிட்டது காதில் விழாத மாதிரி நின்றது.

வகுப்பில் வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டு மறுபடி முயன்றிருப்பார்கள். ஆல்டர் அக்கா கையைத் தந்தியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஏனென்றால் அவள் அம்மாவுக்கு அது அங்கேதான் ஆரம்பித்தது. இடது கை, சுண்டு விரல், நாற்பத்தொன்பது வயது. முதலில் அந்த ஒரு விரல் மடங்கிக்கொண்டது. அம்மா இரண்டு வருஷம் அதை யாரிடமும் சொல்லாமல் சேலைத் தலைப்புக்குள் கையை வைத்துக்கொண்டே சமாளித்தாள். பிறகு கை, பிறகு அடுத்த கை. கடைசி மூன்று வருஷம் ஆல்டர் அக்காதான் ஊட்டிவிட்டாள். நரம்பு டாக்டர், இது ரத்தத்தில் வருகிற வகை, பிள்ளைகளுக்கு வரலாம், வராமலும் போகலாம், வேண்டுமானால் இப்போதே சோதித்துப் பார்க்கலாம் என்று சொன்னபோது, "வேணாம் டாக்டர்" என்று எழுந்து வந்தவள் இவள். தனக்கு இருந்தால் தன் மகளுக்கும் இருக்கலாம். அது தெரிந்த பிறகு மகளுடன் போனில் என்ன பேசுவது? அன்றைக்கு என்ன சாப்பிட்டாள் என்றா கேட்பது?

அன்று வகுப்பு முடிந்து அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, அழைத்துப்போக வந்த புருஷன் மாடியில் வாத்தியாருடன் ஏதோ பேசிவிட்டு இறங்கி வந்தார். இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

"அந்த கிட்டார் கழுத்து, நீ கையில பிடிக்கிற அந்தக் கட்டை, ரொம்பத் தடிமனாம்" என்றார் அவர், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "மட்டமான கிட்டார் பாரு. அதான் உனக்குக் கை எட்டல."

அந்தச் சொல்லை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழி சொல்லி ஊர் சிரிக்கும். கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்துவிடக் கூடாதா என்று அவள் வேண்டிக்கொண்டது யாருக்குத் தெரியும்? குறை மரத்தில் இருந்தால் அவள் பிழைத்தாள். கையில் இருந்தால் அம்மா.

தடிமன் என்றால் குறைக்க வேண்டியதுதானே, அதுதானே நம் தொழில்! மறுநாளே வாத்தியாருக்குப் போன் போட்டு, கழுத்தின் பின்பக்கத்தைத் தேய்த்து மெலிதாக்கலாமா என்று கேட்டாள்.

அவர் ஒரு நிமிஷம் தயங்கின மாதிரி இருந்தது. "தேய்க்கலாம்மா. நிறையப் பேர் பண்றாங்க. ஆனா உள்ள நடுவுல ஒரு இரும்புக் கம்பி ஓடும். தந்தி இழுக்கறப்ப கழுத்து வளையாம இருக்க அதுதான் தாங்குது. ரொம்பத் தேய்ச்சுக் கம்பி வெளிய தெரிஞ்சுதுன்னா அவ்ளோதான், தூக்கிப் போட வேண்டியதுதான்."

"எவ்ளோ ஆழத்துல இருக்கும்?"

"அது செஞ்சவனுக்குத்தான் தெரியும்."

போனை வைத்துவிட்டுக் கழுத்தின் பின்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்பது இதுதான். எங்கே முட்டும் என்று தெரியாமல் தேய்க்க வேண்டும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வேலை ஆரம்பித்தது. தந்திகளைக் கழற்றினாள். உடம்பிலிருந்து கழுத்தைப் பிடித்திருந்த நான்கு ஸ்க்ரூக்களைப் புருஷன் கழற்றிக் கொடுத்தார். விரல் வைக்கும் பக்கம் கீறல் படாதபடி டேப் ஒட்டி, ஒரு முனையைத் துண்டில் சுற்றி, சாப்பாட்டு மேஜை விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்கியதும் அவரே. அரமும் அவருடையது. முரடு இரண்டு, நைஸ் மூன்று என்று உப்புத்தாளும் வாங்கிவந்து வைத்தார்.

மரவேலை தெரிந்தவன் கழுத்தின் தடிமனைத்தான் அளப்பான். ஆல்டர் அக்கா எதை அளப்பாள்? டேப்பை எடுத்துக் கழுத்தைச் சுற்றினாள், காலர் அளவு எடுக்கிற மாதிரி. நாலரை இன்ச். பிறகு தன் இடது கையை வளைத்து, பெருவிரலும் நடுவிரலும் போகிற தூரத்தை அளந்தாள். நாலேகால். கால் இன்ச் பிடிக்க வேண்டும், லூஸ் வேண்டாம் என்று பழைய பில் ஒன்றின் பின்னால் குறித்துக்கொண்டாள். பிடிப்பதை எங்கே பிடிப்பது? சட்டையில் பக்கத் தையலில்தான் பிடிப்பாள். முதுகு நடுவில் யாராவது பிடிப்பார்களா? அதனால் கழுத்தின் இரண்டு பக்கத்திலும் வெள்ளைச் சாக்கால் கோடு போட்டு, அந்தக் கோடு மறையும் வரை ராவினாள். நடு முதுகைத் தொடவே இல்லை. கறுப்புப் பெயிண்ட் அங்கே ஒரு பட்டையாக அப்படியே மினுமினுத்தது. அட்டையில் அரைவட்டமாக ஒரு பேட்டர்ன் வெட்டிக்கொண்டு, பத்து இழுப்புக்கு ஒரு தடவை வைத்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒன்றாக இறங்குகிறதா என்று பார்ப்பதில் அவள் கண்ணை யாரும் ஏமாற்ற முடியாது.

ஒவ்வொரு இழுப்பிலும் உயிர் போய் வந்தது. அரம் கொஞ்சம் குரல் மாறினால் நிறுத்திவிடுவாள், கம்பியில் பட்டுவிட்டதா? குனிந்து ஊதிப் பார்ப்பாள். மரம்தான். மறுபடி இரண்டு இழுப்பு. மறுபடி நிறுத்தம். ஒரு மணி நேர வேலையில் முக்கால் மணி நேரம் பயப்பட்டது. புருஷன் எதிரில் காப்பித் தம்ளரோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். சாதாரணமாக எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிறவர், அந்த நாட்களில் வாயே திறக்கவில்லை.

பகலில் கடையில் விரல் சில சமயம் துணியை நழுவவிட்டது. வழுவழுப்பான துணி என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கெட்டியான காக்கித் துணியும் நழுவியது. குளிர் என்றாள்.

எட்டாம் நாள் டேப் நாலேகால் காட்டியது. குறித்த அளவு வந்துவிட்டது. வேறு எந்தத் துணியாக இருந்தாலும் நூலை வெட்டி, மடித்து, பையில் போட்டிருப்பாள். இதை மட்டும், "இன்னும் ஒரு நூல் குறைஞ்சா நல்லா இருக்கும்" என்றாள். ஒன்பதாம் நாள் அரை நூல் என்றாள். பத்தாம் நாள் அளவே எடுக்கவில்லை. உப்புத்தாளைப் பட்டையாகக் கிழித்து, கழுத்தின் மேல் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து பூட்ஸுக்குப் பாலிஷ் போடுகிறவர் மாதிரி முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருந்தாள். முடித்துவிட்டால் தந்தி கட்ட வேண்டும். தந்தி கட்டினால் விரல் வைக்க வேண்டும். அவள் வேலையை நீட்டியதற்குக் காரணம் அவ்வளவுதான்.

பதினோராம் நாள் திங்கட்கிழமை, கடைக்கு விடுமுறை. காலையிலேயே எங்கோ லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதென்று போன் வந்து புருஷன் ஓடிவிட்டார். தேய்க்கப் பக்கங்களில் இனி ஒன்றும் இல்லை. நடு முதுகில் அந்தக் கறுப்புப் பட்டைதான் மிச்சம். பெயிண்டை மட்டும் எடுத்துவிடலாம் என்று நைஸ் உப்புத்தாளை வைத்தாள்.

பெயிண்ட் போனது. உள்ளே வெளிறிய மரம் வந்தது. அதன் நட்டநடுவில், நூல் பிடித்த மாதிரி நேராக, கருப்பாக ஒரு கோடு.

கை நின்றது. இன்னும் கொஞ்சம் தேய்த்தாள். கோடு நீண்டது. மேலிருந்து கீழ்வரை, ஒரு சுண்டு விரலில் பாதி அகலம், ஒரே கருப்பு. கம்பி. இரண்டு பக்கமும் தின்று தின்று வந்ததில் உள்ளே இருந்தது தெரிந்துவிட்டது.

"போச்சு" என்றாள் சத்தமாக. வீட்டில் கேட்க ஆள் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பதினொரு நாள் உழைப்பு, மகளின் கிட்டார், எல்லாம் போச்சு. இனி அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இனி அதில் தந்தி கட்ட முடியாது, விரலும் வைக்க வேண்டாம். எட்டாத விரலுக்கு மட்டமான கிட்டார்தான் காரணம் என்பதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இன்னொரு கிட்டார் வாங்கவா போகிறோம்?

தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். மேஜையில் இருந்த மரத்தூளைக் கூட்டி அள்ளினாள். வகுப்பில் கற்ற ஒரு மெட்டு வாயில் வந்தது. இரண்டு வரி முனகின பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது.

பாடிக்கொண்டிருக்கிறேன்.

அதுவரை பட்ட பயமெல்லாம் பயமே இல்லை. கிட்டார் வீணானதற்கு ஒருத்தி சந்தோஷப்படுகிறாள் என்றால், குறை மரத்திலா கையிலா என்பதற்கு அவளுக்குள் பதில் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. தன்னைத் தானே கையும் களவுமாகப் பிடித்த மாதிரி நடு ஹாலில் துடைப்பத்தோடு நின்றாள்.

பிறகு அவள் செய்ததுதான் அவள் ஆயுளில் செய்த தைரியமான காரியம் என்று நான் சொல்லுவேன். தையல் டப்பாவைத் திறந்து ஒரு குண்டூசி எடுத்தாள். நடுவிரலில் திம்பிள் மாட்டிக்கொண்டாள். அந்தக் கருப்புக் கோட்டின் மேல் ஊசி முனையை வைத்து அழுத்தினாள். இரும்பாக இருந்தால் வழுக்கும், வளையும். ஊசி வழுக்கவில்லை. மெதுவாக இறங்கி, கையை எடுத்ததும் கொஞ்சம் சாய்ந்தபடி நின்றது.

மரம். கிட்டார் செய்தவர்கள் கம்பியை உள்ளே வைத்து மூடுவதற்காகப் பதித்த கறுப்பு மரத் துண்டு. பெயிண்டுக்கு அடியில் முதல் நாளிலிருந்தே இருந்தது. கழுத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. தப்பிக்க இருந்த கடைசிச் சந்தும் அடைபட்டது.

புருஷன் மூன்று மணிக்கு வந்தார். சட்டையெல்லாம் கிரீஸ். "எட்டுப் பேர் உள்ள மாட்டிக்கிட்டாங்க" என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"கழுத்தை மாட்டிக் குடுங்க" என்றாள். "முடிஞ்சுது."

கை கழுவிவிட்டு வந்து மாட்டினார். தந்திகளை அவளே கட்டி, ஒவ்வொன்றாக முறுக்கினாள். சோபாவில் உட்கார்ந்து மடியில் வைத்தாள். கழுத்து உள்ளங்கையில் வந்து உட்கார்ந்த உட்காரல் இருக்கிறதே, இருபத்தாறு வருஷத்தில் அவள் அப்படி ஒரு ஆல்டரேஷன் செய்ததில்லை. ஒரு விரல் வைத்தாள். இரண்டு. மூன்று. நாலாவதைக் கூப்பிட்டாள்.

வரவில்லை. பாதி வழியில் நின்று லேசாக நடுங்கியது. வலது கையால் அதைத் தூக்கித் தந்தி மேல் வைத்தாள். விட்டதும் நழுவி இறங்கிவிட்டது. இன்னொரு தடவை வைத்தாள். இன்னொரு தடவை இறங்கியது.

"கழுத்து இல்லைங்க" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "என் விரல்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"வாத்தியார் கழுத்து தடிமன்னு சொல்லல."

"பின்ன?"

"வீட்டுக்காரம்மா சுண்டு விரலை ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு சொன்னாரு. படியில இறங்கி வர்றப்ப உன்கிட்ட அதைத்தான் சொல்லணும்னு வந்தேன். உன் மூஞ்சியைப் பாத்தேன். வாயில கழுத்துன்னு வந்துடுச்சு."

அவளுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, ஆத்திரம். "பதினோரு நாளு! விடிஞ்சும் விடியாம எழுந்து உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுத் தேய்ச்சேன். நீங்க காப்பியைக் குடிச்சுக்கிட்டு வேடிக்கை பாத்தீங்க! உப்புத்தாள் வேற வாங்கிக் குடுத்தீங்களே, மனுஷனா நீங்க?"

"நீ தேய்ச்சுக்கிட்டு இருந்த வரைக்கும்" என்றார். "எனக்கும் கழுத்துதான் தடிமன்னு இருந்துச்சு."

பத்து மாடி உயரத்தில் ஒற்றை இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலை பார்க்கிற மனிதர். கிரீஸ் போகாத கையால் கண்ணைத் துடைத்துக் கன்னமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டார். அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. தன்னைவிட ஒரு பயந்தாங்கொள்ளியை இத்தனை வருஷமாக வீட்டிலேயே வைத்துக்கொண்டு தெரியாமல் இருந்திருக்கிறோமே என்றும் தோன்றியது.

"பாப்பாகிட்ட..." என்று இழுத்தார்.

"முதல்ல எனக்கு என்னன்னு தெரியட்டும். தெரிஞ்சதும் நானே சொல்றேன். எங்கம்மா மாதிரி ஒளிச்சு வெச்சுக்க மாட்டேன்."

கிட்டாரை மெதுவாகப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். போனை எடுத்தாள். அந்த ஆஸ்பத்திரி நம்பரை அம்மா போன பிறகு பல தடவை அழிக்க நினைத்து அழிக்காமலே விட்டிருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் போனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசு ஒரு பக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் குரல் எடுத்துவிட்டது.

"நரம்பு டாக்டரைப் பாக்கணும்" என்றாள் ஆல்டர் அக்கா.

"பேஷண்ட் யாரும்மா? அம்மாவா, அப்பாவா?"

அவள் வாய் பழக்கத்தில் அம்மா என்று சொல்லப் போனது. நிறுத்தினாள்.

"நான்தாம்மா."

"வயசு?"

"நாப்பத்தெட்டு."

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வாங்க. கூட யாராவது வருவாங்களா? தனியா வர பயமா இருந்தா இங்க நர்ஸ் இருப்பாங்க."

அவள் புருஷனைப் பார்த்தாள். பேசுவது ஒன்றும் கேட்காமலே அவர் தலையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்காரர் வருவார்" என்றாள். "அந்த நர்ஸை அவர் பக்கத்துல இருக்கச் சொல்லுங்க."